மஞ்சள் வராத தண்ணீர்

பொன்மணி யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் தன் பாட்டிலைக் கூடையில் போட்டுக்கொண்டுதான் வருவாள். யாராவது சொம்பை நீட்டினால் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இப்பதான் குடிச்சேன்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். கொடுத்தவர்களுக்கு முகம் சுருங்கிப் போகும். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

மந்தைவெளியில் கால்வாய்ப் பக்கம் திரும்பும் சந்தில் எங்கள் கட்டடம். மூன்று மாடி, பன்னிரண்டு குடித்தனம். நான் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் கணினியில் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது என் வேலை. பாடம் நடத்துவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் பொன்மணிக்கு நான் டீச்சர்தான். அவள் வீடு கீழே, தண்ணீர் சேரும் தரையடித் தொட்டியான சம்ப்புக்கு எதிரிலேயே. கணவர் அம்மாசி லஸ் கார்னரிலிருந்து திருவான்மியூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பொன்மணி அடையாறில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவுகிறாள்.

அவளுடைய சந்தேகம் தெருவுக்கே தெரியும். ஒருமுறை மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க ஒருவர் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பொன்மணி கேட்டைத் திறக்கவில்லை. அட்டையில் இருந்த போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கிருப்பவர் "ஆமாம், எங்கள் ஆள்தான்" என்று சொன்ன பிறகும், வேறொரு நம்பருக்குப் போட்டு விசாரித்தாள். அரை மணி நேரம் வெயிலில் நின்ற அந்த மனிதர் கடைசியில் உண்மையான ஊழியர்தான். "பாவம்டீ, அந்த ஆளு" என்றார் அம்மாசி.

"நெசமான ஆளுக்கு நிக்கறதுல இன்னா நஷ்டம்? பொய்யான ஆளுதான் ஓடுவான்" என்றாள் அவள்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

போன ஆவணியில்தான் கரிக்குச்சி எங்கள் கட்டடத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் முதல் மாடி வெள்ளைத்துரை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் முப்பது வருஷம் நின்றே வியாபாரம் பார்த்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். அண்ணாச்சி என்றால் எல்லோருக்கும் மரியாதை. அவர் சம்ப் மேடைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகளை வைத்து எங்களைக் கூப்பிட்டார். இரண்டிலும் முந்தின நாள் பிடித்த குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் விரல் நீளத்துக்கு இரண்டு கருப்புக் குச்சிகள் கிடந்தன.

"குடிச்சுப் பாருங்க. பெறவு பேசுவோம்" என்றார்.

குச்சி போடாத தண்ணீரில் வழக்கமான பிளீச்சிங் வாடை. மற்றதில் ஒன்றுமே இல்லை. வாயில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அடேயப்பா என்றிருந்தது எனக்கு.

"தேங்காச் சிரட்டைக் கரி. எம் மச்சினன் காங்கேயம் பக்கம் ஒரு கம்பெனில வேல பாக்கான். சும்மா எரிச்ச கரின்னு நெனச்சுக்கிடாதீங்க. எரிச்ச பெறவு நீராவியில வெச்சு உசுப்புவாங்க. கண்ணுக்குத் தெரியாத துளை லட்சக்கணக்குல இருக்கும். வாடை, கசடு எல்லாத்தையும் இழுத்துப் புடிச்சுக்கிடும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா குச்சியக் கொதிக்க வெச்சுக் காயப் போடணும். மூணு மாசத்துல மாத்திரணும். அவ்வளவுதான். கரண்டு வேண்டாம், மிஷினு வேண்டாம்."

பொன்மணி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். "இன்னா அண்ணாச்சி, கொட்டாங்குச்சிக் கரிய தண்ணில போட்டா தண்ணி சுத்தமாயிடுமா? அப்ப அடுப்புல கீற கரியப் போட்டா?"

"அது வேற, இது வேறம்மா."

"வேறன்னு ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"மச்சினன் சொன்னான்."

"அவுருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு ஆளுக்கு இரண்டு குச்சி விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றைத் துணியில் சுற்றி அவளிடம் நீட்டினார். "நீயே வெச்சுப் பாரு" என்றார்.

அவள் வைத்துப் பார்த்தது எப்படி என்றால், முதலில் குச்சியை இரண்டாக ஒடித்தாள். உள்ளே ஏதாவது வேறு நிறம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவரில் தேய்த்தாள். சிமெண்டுத் தரையில் போட்டு ஓசை கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. கழுவிக் கொதிக்க வைத்து, ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு மறுநாள் காலையில் மோந்தாள். வாடை இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை சுலபமாக ஒன்று நல்லதாக இருக்க முடியாது என்பது அவள் முடிவு. குச்சி போட்ட தண்ணீர் ஒரு பாட்டில், போடாதது ஒரு பாட்டில் என்று இரண்டையும் அடையாறுக்கு எடுத்துப்போனாள். அண்ணாச்சியின் குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும் என்று அம்மாசியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம்.

பரிசோதனைக் கூடத்தில் கைசர் ஜஹான் என்ற பெண் இருக்கிறார். தண்ணீர் சோதிப்பது அவர் வேலை. பொன்மணியைவிடப் பதினைந்து வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னக்கா, பாட்டில் கழுவறத விட்டுட்டு சாம்பிள் கொண்டுவர ஆரம்பிச்சுட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு சோதனைக் குழாய்களில் தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு மருந்து விட்டார். குச்சி போடாத தண்ணீர் உடனே மஞ்சளாயிற்று. குச்சி போட்ட தண்ணீர் அப்படியே நின்றது.

"குளோரின் இருந்தா மஞ்சள் வரும். இதுல துளிகூட இல்ல. இது அசல் குச்சிதான்க்கா. நல்லா வேலை செய்யுது."

"அப்ப டுபாக்கூர் இல்லியா?"

"இல்லவே இல்ல."

பொன்மணிக்கு அது ஏமாற்றமாக இருந்தது. மத்தியானம் முழுக்க பாட்டில் கழுவினாள். சாயங்காலம் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பிவந்தாள்.

"மேடம், மஞ்சளா காட்டுச்சே அந்தக் குளோரினு, அத்த எதுக்குத் தண்ணில போடறாங்க?"

"கிருமி சாகறதுக்கு."

"அப்ப அத்த எடுத்துட்டா?"

கைசர் ஜஹான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணி நல்ல தண்ணியா இருந்தா ஒண்ணும் ஆகாது. வழியில எங்கியாவது சாக்கடை கலந்துச்சுன்னா ஆபத்து. கரி வாடையை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. குச்சியைச் சரியாக் கொதிக்க வைக்கலைன்னா அதுலயே கிருமி சேரும். யாராவது குடத்துல நாள்கணக்கா போட்டு வைக்கறாங்களா?"

"எல்லாரும்தான்" என்றாள் பொன்மணி.

அன்றே வந்து முதல் மாடிக் கதவைத் தட்டினாள். நான் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். "ஒங்க குச்சி அசல்தான் அண்ணாச்சி. நான் தப்பா நெனச்சுட்டேன். ஆனா அசலா கீறதுதான் பேஜாரு" என்று தொடங்கிக் கேட்டதையெல்லாம் சொன்னாள். அண்ணாச்சி நிதானமாகத்தான் கேட்டார். ஆனால் முகம் இறுகிவிட்டது.

"பொய்யின்னு சொன்ன. இப்போ நெசம், அதனால தப்புங்குற. நான் என்னதான் செய்யணும்?"

"கொதிக்க வெச்ச தண்ணில போடச் சொல்லுங்க."

"கொதிக்க வெச்ச பெறவு குச்சி எதுக்கும்மா?"

கட்டடம் முழுக்க இது ஒரு வேடிக்கைப் பேச்சாயிற்று. என் வீட்டிலும் சிரித்தோம். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காததால், நல்லதாக இருப்பதையே சந்தேகப்படுகிறாள் என்று நானே என் கணவரிடம் சொன்னேன். குச்சியை எடுக்கவில்லை. ருசி கண்ட நாக்கு. பொன்மணி தன் வீட்டில் மட்டும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அம்மாசி அதைக் குடித்துவிட்டு, தாகமே அடங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் பெய்து சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆறாம் நாள் காலை பொன்மணி என் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், தண்ணில சாக்கடை வாடை வர்ல?"

என் ஜாடியை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளிடமும் நீட்டினேன். அவளும் மோந்துவிட்டு, உள்ளே கிடந்த கருப்புக் குச்சியைப் பார்த்தாள்.

"இதுல வராது. குழாயத் தெறந்து மோந்து பாருங்க."

வேலைக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் மறந்தும் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசும்.

அவள் அன்று கைசர் ஜஹானிடம் மருந்து போட்ட சிறு பாட்டில்கள் இரண்டு கேட்டு வாங்கிவந்தாள். தண்ணீரை அதில் ஊற்றி மூடி வைத்தால், சாக்கடைக் கிருமி இருக்கும் பட்சத்தில் ஓரிரு நாளில் கருத்துப் போகும். ஒன்றில் சம்ப் தண்ணீர். இன்னொன்றில், மூன்றாவது மாடி கணேசமூர்த்தி வீட்டில் கேட்டு வாங்கிய குச்சித் தண்ணீர். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாளாம்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடிந்தபோது இரண்டு பாட்டிலும் தார் மாதிரி கருத்திருந்தன. அதற்கு முந்தின நாளிலிருந்தே அம்மாசிக்கு வாந்தியும் பேதியும். காலையில் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கேட்ட ஏதோ ஒரு அட்டையை எடுக்க பொன்மணி ஆட்டோவின் சீட்டைத் தூக்கினாள். அடியில் ஒரு தண்ணீர் பாட்டில். அதற்குள் ஒரு கருப்புக் குச்சி.

வீட்டில் கொதித்த தண்ணீரைக் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, மனிதர் ஒரு மாதமாக இதைத்தான் குடித்திருக்கிறார். பொன்மணி அந்தப் பாட்டிலையும், கருத்துப்போன இரண்டு பாட்டில்களையும் சம்ப் மேடைமேல் வரிசையாக வைத்துவிட்டு, மாடியைப் பார்த்து எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

வந்தோம். கட்டடத்துச் சொந்தக்காரர் ஜெயராம் அன்று அபிராமபுரத்திலிருந்து மழைச் சேதம் பார்க்க வந்திருந்தார்; அவரும் நின்றார். பொன்மணி விவரத்தைச் சொன்னாள். கணேசமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தார். அவருடைய பெண் குழந்தைகள் இரண்டுக்கும் முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு.

"எம் பசங்க துன்னது வெளிச் சாப்பாடு. அதுல வந்துச்சு. நீ எந்த மையை ஊத்தி எத்துகினு வந்தியோ ஆருக்குத் தெரியும்?"

"மையா?"

"ஒன் லேப்புல இல்லாத கலரா? அண்ணாச்சி பொழைக்கறது ஒனுக்குப் பொறுக்கல. கேன் தண்ணிக்காரன் எவனாச்சும் ஒன்ன ஏவி வுட்டுக்கீறானா, அத்தச் சொல்லு மொதல்ல."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஜெயராம் கருத்த பாட்டிலை எடுத்து, அன்று பொன்மணி கொசுக்காரரின் அட்டையைப் பார்த்தாளே, அதே மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் எல்லோரையும் சந்தேகப்பட்டவளை அத்தனை பேரும் சேர்ந்து சந்தேகப்பட்டு நின்றோம். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேன் தண்ணின்னு சொன்னியே, சொல்றேன் கேளு" என்றாள். குரல் தாழ்ந்துதான் வந்தது. "எனுக்குக் கல்யாணமான புதுசுல ஆதம்பாக்கத்துல ஒரு கேன் தண்ணிக் கம்பெனில வேல. கேன் வாயில பிளாஸ்டிக் உறையைப் போட்டு, சூடு காட்டி சீல் வெக்கறது நானு. ஒரு மொற மிஷினு ரிப்பேரு. ரெண்டு நாளு போரு தண்ணிய அப்டியே ரொப்பு, சீல் வெய்யின்னாரு மொதலாளி. வெச்சேன். எத்தினி கேனு போச்சோ தெரியாது. அந்த வாரம் ஒரே தெருவுல ஒம்போது பேரு ஆஸ்பத்திரில. நான் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போனேன். உள்ள போவல. ஆரு கிட்டயும் சொல்லல. எங்க வூட்டுக்காரர் கிட்டகூட சொல்லல. வேலைய வுட்டுட்டு வந்துட்டேன். அந்த ஒம்போது பேரும் வூடு திரும்பினாங்களா இல்லியான்னு எனுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. சீலப் பாத்து நம்பித்தான குடிச்சாங்க?"

கணேசமூர்த்தி எங்கேயோ பார்த்தார். எனக்கும் இரண்டு நாளாக வயிறு சரியில்லை. சொன்னால் பொன்மணி சொன்னது சரியாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தேன். அப்போது சொன்னேன். என் பக்கத்தில் நின்ற பெண், தன் மாமியாருக்கும் அப்படித்தான் என்றாள்.

வெள்ளைத்துரை கடைசிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மேடைக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறந்து மோந்தார். மறுபடி மோந்தார். பிறகு அதைத் தரையில் கவிழ்த்தார்.

"சம்ப் மூடியத் தொறங்க" என்றார்.

"மழை நிக்கட்டும் அண்ணாச்சி, ஆள் வெச்சுப் பாத்துடலாம்" என்றார் ஜெயராம்.

"மழ நிக்குற வரைக்கும் அந்தப் புள்ளைங்க என்னத்தக் குடிக்கும்? தொறங்க."

அவர் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டது அன்று ஒருநாள்தான். ஜெயராமே குனிந்து மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சாக்கடைத் தொட்டி இருக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு முழம் நீளத்துக்கு விரிசல். அதிலிருந்து கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வழிந்துகொண்டே இருந்தது. வாடை மேலே ஏறி வந்தபோது எல்லோரும் முந்தானையையும் கைக்குட்டையையும் தேடினோம். பொன்மணி மட்டும் மூக்கைப் பொத்தவில்லை.

அன்று மத்தியானம் அண்ணாச்சி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் கட்டடம் மட்டுமல்ல, சுற்றிலும் நாற்பது வீடுகளுக்கு அவர் குச்சி கொடுத்திருந்தார். ஒவ்வொரு வீடாகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்த பிறகுதான் குச்சி போட வேண்டும், குச்சி ருசிக்குத்தான், கிருமிக்கு இல்லை என்று சொல்வதற்காக. ஆஸ்பத்திரியிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தோடு திரும்பிய பொன்மணி அவரைச் சந்து முனையில் பிடித்தாள்.

"நானும் வரேன்."

"எதுக்கும்மா? நான் சொல்ல மாட்டேன்னு நெனக்கியா?"

"கால் வலிக்குதுன்னு நாலு வூடு வுட்டுட்டீங்கன்னா?"

"எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி. வாங்க, போலாம்."

அவர் குடையை அவள் பக்கமும் சாய்த்துப் பிடித்தார். இரண்டு நாளில் நாற்பது வீட்டுக்கும் போனார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தது என்று மூன்றாம் நாளும் போனார்கள். சில வீடுகளில் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அண்ணாச்சி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாராம்.

அம்மாசி நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். பொன்மணி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். ஆதம்பாக்கத்துக் கதையை அவரிடமும் அவளே சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டு, அவர் அந்தத் தெருப் பெயரை விசாரித்து, இருவரும் ஒருநாள் ஆட்டோவில் போய் வந்தார்கள். அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த வீடுகளும் இல்லை, எல்லாம் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்களாம். யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டார்கள். அந்த ஒன்பது பேர் கணக்கு அவளுக்கு இனிமேல் தீரப்போவதில்லை.

கணேசமூர்த்தி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. குழந்தைகளுக்குச் சரியானதும், கீழே இறங்கி வந்து, ஒரு பால் பாக்கெட்டை நீட்டி, "இத்தக் கொஞ்சம் மோந்து பாரேன், கெட்டுப்போச்சான்னு" என்றார். பொன்மணி மோந்து பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றாள்.

மழை ஓய்ந்ததும் ஜெயராம் கொத்தனாரை அனுப்பினார். பொன்மணி லீவு போட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு சம்ப் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். சிமெண்டு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு, எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் கொத்தனார் கரணையைக் கீழே போட்டுவிட்டு, "நீயே பூசிக்கம்மா" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அண்ணாச்சி சமாதானம் பேசி அழைத்து வந்தார். சுவர் காய்ந்து, தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டார்கள்.

பொன்மணி மறுபடியும் கைசர் ஜஹானிடம் ஒரு சிறு பாட்டில் வாங்கிவந்து, அந்தத் தண்ணீரை ஊற்றி ஜன்னலில் வைத்தாள். இரண்டு நாள் ஆயிற்று. நிறம் மாறவில்லை. இரண்டு நாள் போதும், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கைசர் ஜஹான் போனிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் குடிக்க ஆரம்பித்தோம். பொன்மணி பாட்டிலை எடுக்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னலருகே நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அண்ணாச்சியும் தன் பங்குக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்.

எட்டாம் நாள் காலையில்தான் அவள் புதுத் தண்ணீரை எடுத்தாள், அதையும் கொதிக்க வைக்க அடுப்பில் ஏற்றினாள்.